பிரித்தானியரின் பிற்பகல் தேநீர்: ஓர் எளிய அறிமுகம்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் தேநீர் அறைக்குள் நுழைந்து உணவுப் பட்டியலைக் கையில் எடுக்கும் புதியவர், தேநீர் என்ற பெயரிலேயே வெவ்வேறு உணவுகள் அதில் இருப்பதைக் கண்டு குழம்பக்கூடும். கிரீம் டீ என்று ஒன்று இருக்கும். ஆப்டர்நூன் டீ என்று ஒன்று இருக்கும். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் சில இடங்களில் ஹை டீ என்றும் ஒன்று இருக்கும். முதலாவது ஒரு சிற்றுண்டியின் விலையில் முடிந்துவிடும். இரண்டாவது ஒரு முழுச் சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடும். மூன்றாவதைக் கேட்டால் பொரித்த மீனோ இறைச்சியோ தட்டில் வந்து இறங்கும். கோப்பையில் ஊற்றப்படும் பானம் மூன்றிலும் ஒன்றே. நாளின் எந்த வேளையில், எந்த வகுப்பினருக்குப் பசி எடுத்தது என்பதிலிருந்தே பின்னைய இரண்டு வழக்கங்களும் பிறந்தன; முதலாவது ஒரு வட்டாரத்தின் பழக்கம். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும்.

தேயிலை இங்கிலாந்துக்குள் நுழைந்தது 1650களில். லண்டனில் தாமஸ் கார்வே என்ற வணிகர் 1657ஆம் ஆண்டளவில் தம் காப்பிக் கடையில் அதை விற்கத் தொடங்கினார். நோய்களைத் தீர்க்கும் சீன மூலிகை என்ற விளம்பரமும் அதற்கு இருந்தது. 1662இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின், பிறந்த நாட்டிலிருந்தே தேநீர்ப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர். அரசியே அருந்துகிறார் என்பதால் அரண்மனைப் பெண்களிடையே அது விரைவில் பரவியது. அடுத்த நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சீனத்தின் காண்டன் துறைமுகத்திலிருந்து தேயிலையைக் கப்பல் கப்பலாக இறக்கியபோதும், அரசு விதித்த வரி கடுமையாக இருந்தமையால் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே நீடித்தது. வீட்டுத் தலைவி தேயிலைப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். கடற்கரை ஊர்களில் கள்ளக்கடத்தல் பெருந்தொழிலாகவே நடந்தது. 1784இல் பிரதமர் இளைய வில்லியம் பிட் 119 விழுக்காடாக இருந்த வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்த பிறகு கடத்தல்காரர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. தேநீர் கூலித் தொழிலாளியின் வீடுவரை சென்று சேர்ந்தது இந்த வரிக்குறைப்புக்குப் பின்னர்தான் என்பதால், அரசியின் திருமணத்தைவிட இச்சட்டத்திற்கே நான் கூடுதல் முக்கியத்துவம் அளிப்பேன்.

இனி பிற்பகல் தேநீருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் நாளின் பெரிய உணவை நடுப்பகல் கழிந்து சற்று நேரத்தில் உண்டுவந்த உயர்குடியினர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை மெல்ல மெல்லத் தள்ளிப்போட்டு இரவு 7 அல்லது 8 மணிக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு வசதி பெருகியதும், இரவு விருந்து கௌரவத்தின் அடையாளமாக மாறியதும் இதற்குக் காரணங்கள். நண்பகலில் உண்ட சிறிதளவு உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையில் நீண்ட இடைவெளி விழுந்தது. பெட்ஃபர்ட் கோமகள் அன்னா மரியா 1840ஆம் ஆண்டளவில் இந்த இடைவெளியில் தமக்கு ஏற்பட்ட சோர்வைப் போக்கிக்கொள்ளத் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் தம் அறைக்கே வரவழைத்தார் என்றும், பிறகு தோழியரையும் அழைத்து அதை ஒரு வழக்கமாக்கினார் என்றும் சொல்வார்கள். விக்டோரியா அரசியின் நெருங்கிய தோழியரில் ஒருவர் அவர்; அவருடைய குடும்ப மாளிகையான வோபர்ன் ஆபி இன்றும் பார்வையாளர்களுக்குக் கோமகளின் கதையைச் சொல்கிறது. ஒரு சமூகப் பழக்கத்தை ஒருவரே ஒரு நாளில் கண்டுபிடித்தார் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வேளை மாறிய வீடுகளிலெல்லாம் இப்படி ஒன்று தோன்றியே தீரும். கோமகளின் பங்கு, அரண்மனை வட்டாரத்தில் அதற்கு மதிப்பைத் தேடித்தந்ததே. வரவேற்பறையின் சாய்வு நாற்காலிகளுக்கு அருகில் உள்ள தாழ்ந்த மேசைகளில் பரிமாறப்பட்டதால் இதை லோ டீ என்று அழைப்பதும் உண்டு.

இதே காலத்தில் நெசவாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களின் வேளைக் கணக்கு முற்றிலும் வேறாக இருந்தது. மாலை 5 அல்லது 6 மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு இரவு விருந்து வரை காத்திருக்கும் வசதியும் இல்லை, தேவையும் இல்லை. அவர் வந்தவுடன் உணவு மேசையில் குளிர்ந்த இறைச்சி, புகையிட்ட மீன், பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவற்றுடன் கடுமையாக வடித்த தேநீரும் வைக்கப்படும். இதுவே ஹை டீ. நம் ஊர் ஓட்டல்களிலும் அரசு விழாக்களிலும் சமோசாவும் கேக்கும் அடங்கிய உயர்தரச் சிற்றுண்டிக்கு ஹை டீ என்று பெயர் வைத்திருப்பதால், இங்கிலாந்திலும் அதுவே பணக்காரர்களின் தேநீர் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வட இங்கிலாந்தில் பல குடும்பங்கள் இன்றும் மாலைச் சாப்பாட்டையே டீ என்கின்றன. மதுவிலக்கு இயக்கமும் இந்தப் பழக்கத்துக்கு வலுச் சேர்த்தது. 1832இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சியும் அவருடைய தோழர்களும் மதுவைத் துறக்கும் உறுதிமொழி எடுத்த பிறகு, மதுக்கடைக்கு மாற்றாகப் பெரும் தேநீர்க் கூட்டங்கள் ஊர்தோறும் நடத்தப்பட்டன.

ஆப்டர்நூன் டீயை இன்று ஓட்டல்களில் மூன்று அடுக்குத் தட்டில் வைத்துத் தருகிறார்கள். கீழ்த்தட்டில் விரல் அகலத்துக்கு நறுக்கி ஓரங்கள் நீக்கிய சாண்ட்விச்கள் இருக்கும். வெள்ளரிக்காய், முட்டை, புகையிட்ட சால்மன் மீன் ஆகியவை வழக்கமான உள்ளீடுகள். நடுத்தட்டில் ஸ்கோன், மேல்தட்டில் சிறு கேக்குகளும் இனிப்புகளும். கீழிருந்து மேலே செல்வது வழக்கம். கார உணவு முதலில், இனிப்பு கடைசியில் என்பதற்கு மேல் இதில் ரகசியம் எதுவுமில்லை. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைப் பார்த்து இதற்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றலாம். கண்ணாடிக் குடில்களில் வெள்ளரி வளர்க்கும் தோட்டக்காரர்களை வைத்திருந்த மாளிகைகளின் பெருமையைக் காட்டிய உணவு அது. வயிறு நிறைய வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் உண்டது என்பதை நினைவில் வைத்தால் அதன் மென்மை புரியும். சுண்டுவிரலை நீட்டிக் கோப்பையைப் பிடிப்பது நாகரிகம் என்ற நம்பிக்கையைத் தயங்காமல் கைவிட்டுவிடலாம். அங்கே அது கேலிக்கு உரியதாகவே கருதப்படுகிறது.

தேநீர் தயாரிக்கும் முறை நமக்குப் பழக்கமானதிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. பாலுடன் தூளைச் சேர்த்துக் கொதிக்கவிடும் வழக்கம் அங்கே இல்லை. பீங்கான் கூஜாவை முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இலையைப் போட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடிவைக்கிறார்கள். பிறகு வடிகட்டியின் வழியாகக் கோப்பையில் ஊற்றி, விரும்பியவர் குளிர்ந்த பாலைச் சேர்த்துக்கொள்கிறார். சூடான பாலைக் கேட்டால் பரிமாறுபவர் சற்று விழிப்பார். பால் முதலிலா, தேநீர் முதலிலா என்பது அங்கே ஓயாத விவாதம். தேயிலைச் சுவைப் பரிசோதனைக்காக 1980இல் பிரித்தானியத் தர நிறுவனம் வெளியிட்ட வரையறை, 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல் என்று கணக்கு வைத்தது. தேயிலை மாதிரிகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடுவதற்காக எழுதப்பட்ட அந்த ஆவணத்தை வீட்டில் தேநீர் போடும் விதி என்று எடுத்துக்கொள்வது வேடிக்கை. அன்றாட வாழ்வில் பெரும்பாலான பிரித்தானியர் கூஜாவைத் தொடுவதே இல்லை. கைப்பிடிக் குவளையில் தேயிலைப் பை ஒன்றைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, பால் விட்டு முடித்துவிடுகிறார்கள். டெட்லி நிறுவனம் 1953இல் தேயிலைப் பைகளை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர் மெல்ல மெல்ல நிலைபெற்ற பழக்கம் இது.

கிரீம் டீ தென்மேற்கு மாவட்டங்களான டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் உரியது. ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், கிளாட்டட் கிரீம், ஒரு கூஜா தேநீர் ஆகியவற்றுடன் அது முடிந்துவிடும். ஸ்கோன் என்பது மாவு, வெண்ணெய், பால் ஆகியவற்றைப் பிசைந்து அடுப்பில் சுட்டெடுக்கும், அதிகம் இனிக்காத சிறிய உருண்டை ரொட்டி; சூடு ஆறுவதற்குள் உண்ண வேண்டியது. கிளாட்டட் கிரீம், நம் வீட்டில் காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏட்டைப் போன்றதே என்றாலும், கொழுப்பு மிகுந்த பாலாடையை அகன்ற தட்டுகளில் மணிக்கணக்கில் மெல்லச் சூடாக்கி ஆறவிடுவதால் பொன்னிறத் தோல் படிந்து கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடுகிறது. கார்னிஷ் கிளாட்டட் கிரீம் என்ற பெயருக்கு 1998இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர் (அந்த வட்டாரத்தில் தயாரானதை மட்டுமே அப்பெயரில் விற்கலாம் என்ற உரிமை) கிடைத்தது. அதில் குறைந்தது 55 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். டெவனில் ஸ்கோனின்மீது முதலில் கிரீமைத் தடவி அதன்மேல் ஜாமை வைப்பார்கள். கார்ன்வாலில் ஜாம் முதலில், கிரீம் பிறகு. 2018இல் கார்ன்வாலில், பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் அறநிறுவனமான நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் லான்ஹைட்ராக் மாளிகையின் அன்னையர் தின விளம்பரத்தில் டெவன் முறையில் பூசிய ஸ்கோனின் படம் வந்துவிட, உள்ளூர்க்காரர்களின் சினத்துக்கு ஆளாகி மாளிகையினர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஸ்கோன் சூடாக இருந்தால் கிரீம் உருகும் என்பதால் ஜாம் முதலில் என்ற கார்ன்வால் முறையே எனக்கு அறிவுக்குப் பொருத்தமாகப் படுகிறது; டெவனுக்குச் சென்றால் இதை வெளியே சொல்லாமல் இருப்பது நல்லது.

இந்த மரபில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி தேநீர் அறைகளின் வரலாறு என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஒரு நடுத்தர வகுப்புப் பெண் நகரத்தில் கடைவீதிக்குத் தனியாகப் போனால் உட்கார்ந்து ஏதேனும் உண்பதற்கு மரியாதையான இடம் அரிதாகவே இருந்தது. மதுக்கடையும் ஆண்களின் மன்றங்களும் அவருக்கு உரியவை அல்ல. 1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் லண்டனில் தன் கடையொன்றில் தேநீரும் பரிமாறத் தொடங்கியது. வாடிக்கையாளர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பழகிய பெண் மேலாளர் ஒருவரின் யோசனையே இது என்று சொல்லப்படுகிறது. ஏ.பி.சி. என்ற சுருக்கப் பெயரில் அதன் கிளைகள் பெருகின. 1894இல் ஜே. லயன்ஸ் நிறுவனம் பிக்கடில்லி தெருவில் வெள்ளையும் பொன்னும் பூசிய முகப்புடன் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்து, பின்னர் நாடு முழுவதும் கிளை பரப்பியது. விலை குறைவு, இடம் தூய்மை, மது இல்லை. துணைக்கு ஆண் இல்லாமல் பெண்கள் உட்கார்ந்து பேசக் கிடைத்த இந்த மேசைகளில்தான் வாக்குரிமை கோரிய பெண்கள் பலர் சந்தித்துக்கொண்டார்கள். இத்தனை கிளைகளின் ரொட்டி, கேக், தேநீர்க் கணக்கைச் சமாளிக்க முடியாமல் திணறிய லயன்ஸ் நிறுவனம் லியோ என்ற கணினியைத் தானே உருவாக்கி 1951இல் இயக்கியது. வணிக அலுவலகப் பணிக்குப் பயன்பட்ட உலகின் முதல் கணினி என்று அது போற்றப்படுகிறது. ஒரு தேநீர்க் கடைக்காரருக்கு இப்படி ஒரு பெருமை வேறெங்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இதே கதை கலையின் வடிவில் நடந்தது. தேயிலை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த கேத் கிரான்ஸ்டன் 1878இல் தம் முதல் தேநீர் அறையைத் திறந்தார். பெண்கள் தொழில் நடத்துவதே அரிதாக இருந்த அக்காலத்தில் நான்கு அறைகளை நடத்தியதோடு, இளம் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷை அழைத்து அவற்றின் சுவர், நாற்காலி, கரண்டி வரை வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். 1903இல் சோக்கிஹால் தெருவில் திறக்கப்பட்ட வில்லோ தேநீர் அறைகளில் கட்டடம் முழுவதும் அவர் கைவண்ணமே. அவருடைய மனைவி மார்கரெட் மெக்டொனால்டின் சுவரோவியப் பலகையும் அதில் இடம்பெற்றது. பல்லாண்டுச் சிதைவுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டு 2018இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஒரே ஒரு தேநீர் அறையைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் லண்டனின் பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு இதையே சொல்வேன்.

கோப்பையில் இருக்கும் இலை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவடையாது. தொடக்கத்தில் அனைத்தும் சீனத் தேயிலை. அதில் கலந்த சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதால், 1791இல் அச்சர்க்கரையை மறுக்கும் இயக்கம் தேநீர் மேசையிலிருந்தே எழுந்தது. அசாம் தேயிலை முதன்முதலில் லண்டனில் ஏலம் விடப்பட்டது 1839 ஜனவரியில். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூலெகந்தர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். சில ஆண்டுகளில் காப்பிச் செடிகளை நோய் அழித்ததும் மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். 1890இல் தாமஸ் லிப்டன் அங்கே தோட்டங்களை வாங்கி மலிவான பொட்டலத் தேயிலையை இங்கிலாந்தின் கடைகளில் குவித்தபோது, தொழிலாளி வீட்டு ஹை டீயின் விலை இறங்கியது. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் அறைகளில் வாழ்ந்தவர்களுக்கு இறங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சிலோன் என்ற பெயர் இன்றும் ஒவ்வொரு ஓட்டலின் தேநீர்ப் பட்டியலிலும் இருக்கிறது. அந்த மக்களைப் பற்றிய குறிப்பு அங்கே அரிதாகவே காணப்படும்.

இவற்றை நேரில் காண விரும்புபவர் லண்டனில் தொடங்கலாம். ஸ்ட்ராண்ட் தெருவில் 216ஆம் எண்ணில் உள்ள ட்வைனிங்ஸ் கடையின் வரலாறு 1706இல் தாமஸ் ட்வைனிங் அத்தெருவில் ஒரு காப்பிக் கடையை வாங்கியதிலிருந்து தொடங்குகிறது. கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் கப்பல், சீனத்திலிருந்து புதுத் தேயிலையை விரைந்து கொண்டுவருவதற்காக 1869 நவம்பரில் நீரில் இறக்கப்பட்டது. அதே மாதம் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்களுக்கு வழிவிட்டதால் அதன் தேயிலை வாழ்வு நீடிக்கவில்லை. 1906இல் திறக்கப்பட்ட ரிட்ஸ் ஓட்டலின் பாம் கோர்ட் அரங்கம் ஆப்டர்நூன் டீயின் ஆடம்பர முகம். அங்கே ஆண்கள் கோட்டும் டையும் அணிந்தே வர வேண்டும். அந்த ஆடம்பரத்தில் எனக்கு அதிக ஈடுபாடு இல்லை. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பழைய உணவறைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓடுகளும் கண்ணாடிகளும் சூழ, சாதாரண விலையில் ஸ்கோனும் தேநீரும் கிடைக்கும்; அருங்காட்சியகத்துக்குள் நுழையக் கட்டணமும் இல்லை.

லண்டனுக்கு வெளியே யார்க்‌ஷயர் செல்பவர்கள் பெட்டிஸ் கடைகளைத் தேடிப் போவார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃபிரெடெரிக் பெல்மான்ட் 1919இல் ஹாரோகேட் நகரில் தொடங்கிய இந்நிறுவனம் இன்றுவரை யார்க்‌ஷயருக்கு வெளியே ஒரு கிளைகூடத் திறந்ததில்லை. யார்க் நகரக் கிளையில், இரண்டாம் உலகப் போரின்போது அருகிலிருந்த விமானத் தளங்களின் வீரர்கள் தம் பெயர்களைக் கீறிய கண்ணாடியைக் காணலாம். கேம்பிரிட்ஜுக்கு அருகே கிரான்செஸ்டரில் உள்ள ஆர்ச்சர்ட் தோட்டத்தில், 1897இல் மாணவர்கள் சிலர் தங்களுக்கு மரத்தடியிலேயே தேநீர் தரும்படி கேட்டதிலிருந்து பழமரங்களுக்கு இடையே தேநீர் பரிமாறப்படுகிறது. புல்வெளிகளின் வழியே நகரத்திலிருந்து நடந்தே போய்ச் சேரலாம். கார்ன்வாலின் ட்ரூரோவுக்கு அருகில் உள்ள ட்ரெகாத்னன் பண்ணை, இங்கிலாந்து மண்ணிலேயே தேயிலை விளைவித்து 2005 முதல் விற்றுவருகிறது. வடக்கே நார்த்தம்பர்லாந்தில், 1830 முதல் 1834 வரை பிரதமராக இருந்த ஏர்ல் கிரேயின் ஹோவிக் மாளிகை இருக்கிறது. பெர்கமாட் என்ற நறுமணப் பழத்தின் எண்ணெய் சேர்த்த தேயிலைக்கு அவர் பெயர் எப்படி வந்தது என்பது பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அங்குள்ள தேநீர் அறையில் அமர்ந்து அந்தத் தேநீரையே கேட்டு அருந்தலாம்.

சில நடைமுறைக் குறிப்புகளையும் சொல்ல வேண்டும். லண்டனின் பெரிய ஓட்டல்களில் ஒருவருக்கு 50 பவுண்டுக்கும் மேல் ஆகும். பல இடங்களில் சேவைக் கட்டணம் தனியாகச் சேர்க்கப்படும். வாரக்கணக்கில் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுவது நல்லது. சைவ உணவினர் பதிவு செய்யும்போதே அதைத் தெரிவித்தால் தனித் தட்டு தருவார்கள். அப்போதும் கேக்குகளில் முட்டையும், சில இனிப்புகளில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினும் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாண்ட்விச் தீர்ந்தால் பெரிய ஓட்டல்களில் பெரும்பாலும் கூடுதல் விலையின்றி மீண்டும் கொண்டுவருவார்கள். உண்ண முடியாத கேக்குகளைப் பெட்டியில் வைத்துத் தரும்படி கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. சிற்றூர்களின் தேநீர் அறைகள் மாலை 5 மணிக்குள் அடைக்கப்பட்டுவிடும். சுற்றுலாப் பருவம் முடிந்த குளிர் மாதங்களில் சில அறைகள் திறப்பதே இல்லை. ஆகையால் தேநீரை மாலைக்கு என்று ஒதுக்காமல் 3 மணியளவில் வைத்துக்கொண்டு, அன்றைய மதிய உணவை ஒரு ஆப்பிளோடு நிறுத்திக்கொள்வதே வயிற்றுக்கும் பணப்பைக்கும் ஏற்றது.